கேமராவுக்கு வைத்த பொட்டு

கம்ப்யூட்டர் படித்த பெண் அடுத்து என்ன ஆக வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. அம்மா சென்னைக் கட்சி. கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேண்டும், காலையில் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும், ஏசி அறையில் உட்கார்ந்து ப்ரோக்ராம் எழுத வேண்டும். அப்பா கடைக் கட்சி. ஊரிலேயே ஒரு கடை, கெட்டுப்போன கம்ப்யூட்டர்களைப் பிரித்து மாட்டுகிற வேலை, எவனிடமும் கைகட்டி நிற்காத பிழைப்பு. நான் இரண்டு கட்சியிலும் சந்தா கட்டிய உறுப்பினர். அம்மாவோடு அடுப்படியில் நின்றால் சென்னைதான் என்று தோன்றும். அப்பாவுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தால் கடைதான் என்று தோன்றும். வெளியாள் யாராவது, "இன்னாமா, படிச்சு முடிச்சிட்டியே, இன்னா பண்ணப் போற?" என்று கேட்டால் மட்டும் பதில் வராது, கோபம் வரும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம். ஆகவே ரொம்பப் பேர் கேட்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஒரே தறியில் பட்டு நெய்கிறார்கள். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டையும் கோத்து நெய்ய இரண்டு ஆள் வேண்டும். அப்பா தறியில் உட்கார்ந்து, குறுக்கு இழை கொண்டுபோகும் நாடாவை ஓட்டுவார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளுவாள். அந்த வேலையில் இருவருக்கும் கை ஒரு இழை பிசகாது. வாய்தான் எதிலும் ஒத்துப்போகாது. சாம்பாரில் முருங்கைக்காயா கத்தரிக்காயா என்பதில் தொடங்கி என் எதிர்காலம் வரை, நாடா போய்வருகிற மாதிரியே பேச்சும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். நடுவில் உட்கார்ந்து படித்துத் தேறியவள் நான் என்பதை நானே பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்பா கட்சிக்கு ஆதாரம் நிறைய இருந்தது. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது வாங்கிய பழைய லேப்டாப் அடிக்கடி படுத்துக்கொள்ளும். சர்வீஸ் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் மதர்போர்டு போச்சு என்று துக்கம் விசாரிக்கிற முகத்தோடு சொல்வார். எனக்குச் சுருக்கென்று வந்தது. வீடியோ பார்த்து நானே பிரித்தேன். சார்ஜர் சொருகுகிற இடம் ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதிலிருந்து எங்கள் தெருவில் நான் டாக்டர். டிவி ரிமோட், பக்கத்து வீட்டு அண்ணன் மகளின் டேப்லெட், பிரிண்டர், ஒரு தடவை மிக்ஸிகூட வந்தது. மிக்ஸியைத் திட்டித் திருப்பி அனுப்பினேன். மற்றவற்றைப் பிரித்து, துடைத்து, மாட்டி, பச்சை விளக்கு எரிய வைத்துக் கொடுப்பேன். கொண்டு வந்தவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே! கையெடுத்துக் கும்பிடாத குறை. அதற்காகவே நான் கொஞ்சம் மெதுவாகவும் கொஞ்சம் அலட்சியமாகவும் ஸ்க்ரூவைக் கழற்றுவேன்.

ப்ரோக்ராம் எழுதுவதில் இந்தச் சுகம் கிடையாது. ஓடினால் யாரும் பார்க்க மாட்டார்கள், ஓடாவிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். என்னோடு படித்தவள் ஒருத்தி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சர்வீஸ் கடை போட்டிருந்தாள். அவள் கடைக்காக, லேப்டாப் ரெடியானதும் வாடிக்கையாளருக்குத் தானாகச் செய்தி போகிற மாதிரி ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டால், "ஆமாண்டி, அது பாட்டுக்கு ஓடுது, நான் மறந்தே பூட்டேன்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதே கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை உயிர்ப்பித்துக் கொடுத்தபோது எனக்கு மசால் தோசை வாங்கித் தந்தாள். அவள்தான் அந்த வருடம் கேட்டாள்: "பாதிக் கடை உன்னுது. போர்டுல ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாம். தீபாவளிக்குள்ள சொல்லிடு, இல்லன்னா நான் வேற ஆள பாக்கணும்."

அதே சமயத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நான் விண்ணப்பித்திருந்தது ஒவ்வொரு சுற்றாகத் தேறிக்கொண்டு வந்தது. கடைசிச் சுற்று ஒன்றுதான் பாக்கி. வீடியோவில் ஒரு மணி நேர நேர்காணல். அவர்கள் ஒரு கணக்கு கொடுப்பார்கள், நான் அவர்கள் பார்க்கப் பார்க்க அதற்கு ப்ரோக்ராம் எழுத வேண்டும். தேறினால் சென்னை, தேறாவிட்டால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பாதிக் கடை. இப்படி நானே முடிவெடுக்காமல் முடிவைக் கம்பெனியின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

நேர்காணல் நாளும் நேரமும் பிறகு தெரிவிக்கப்படும் என்று சொல்லியிருந்தார்கள். தெரிவித்தார்கள். நான் அந்த மெயிலைப் பார்த்தபோது சரஸ்வதி பூஜை முடிந்து வாழை இலையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்று மாலை மூன்று மணிக்கு என்றிருந்தது. எந்த ஊரிலோ உட்கார்ந்து நாள் குறித்த அந்தப் புண்ணியவானுக்கு ஆயுத பூஜை என்றால் என்னவென்றே தெரியாது போலிருக்கிறது.

தெரிந்தவர்களுக்கு நான் சுண்டலை ஏன் பாதியில் வைத்தேன் என்று புரியும். எங்கள் ஊரில் பூஜையில் வைத்தது வைத்ததுதான். முதல் நாளே தறியைத் தூசு தட்டித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுவிடுவோம். நாடா, கத்தரிக்கோல், தராசு, என் புத்தகங்கள், அப்பாவின் சைக்கிள், ஸ்க்ரூடிரைவர் பெட்டி, லேப்டாப் எல்லாம் வரிசையாகச் சாமி முன்னால். மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டு எடுக்கும்வரை ஒன்றையும் தொடக் கூடாது. தறிச் சத்தம் கேட்காத எங்கள் தெரு அந்த ஒரு நாள் மட்டும் வேறு ஊர் மாதிரி இருக்கும். மிக்ஸிக்கும் பொட்டு வைத்துவிட்டதால் அன்று எங்கள் வீட்டில் சட்னிகூடக் கிடையாது.

"அதுக்கென்ன, வேற லேப்டாப்பு பாத்துக்கலாம்" என்று போனை எடுத்தேன். சர்வீஸ் கடைத் தோழியைக் கூப்பிட்டேன்.

"ஐயோ, எல்லாத்துக்கும் பூ போட்டுட்டேன்டி. கஸ்டமருங்க லேப்டாப்புக்கும் சேத்துதான். ஷட்டர இறக்கி அதுக்கும் பொட்டு வெச்சிட்டு வூட்டுக்கு வந்துட்டேன்."

செவிலிமேட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கல்லூரி நண்பன் ஒருவன் இருந்தான். அவன் அம்மாதான் போனை எடுத்தார். "தம்பி தூங்குதுமா. லேப்டாப்பு சாமிகிட்ட இருக்குது" என்றார். கடைசியில் காந்தி ரோட்டில் மொபைல் கடை வைத்திருக்கும் பாயிடம் கேட்டேன். அவர் நிச்சயம் கைவிட மாட்டார் என்று நம்பினேன். "கடைப் பசங்க ஆசப்பட்டாங்கமா, நானும் சரின்னுட்டேன். பெரிய பூசணிக்கா எல்லாம் ஒடச்சாச்சு. நாளைக்கு வாயேன்" என்று வருத்தத்தோடு சொன்னார். கோவிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் அன்று ஒரு லேப்டாப்புக்குப் பஞ்சம்.

அப்பா நிதானமாகப் பொரி மென்றுகொண்டிருந்தார். "ஒரு நாளு தள்ளி வெச்சுக்கச் சொல்லேன். அவனுங்க மட்டும் ஆயுதத்த வெச்சுக் கும்பிட மாட்டானுங்களா?"

"மெயில் போட்டுட்டேன்பா. பதிலே வர்ல."

"அப்போ விதி அதுதான்மா. கடையப் போடு."

அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்தாள். எங்கள் வீட்டில் ஆசாரம் பார்ப்பவள் அவள்தான். வெள்ளிக்கிழமை நகம் வெட்டினால்கூட வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அவள் நேராகச் சாமி முன்னால் போய் ஒரு கட்டி சூடம் ஏற்றினாள். "தாயே, புள்ள பரிச்ச எழுதணும். உனக்குத் தெரியாததா? நாளைக்கி தேங்கா சேத்து ஒடைக்கறேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"இன்னாடி பண்ற நீ?" அப்பாவுக்குப் பொரி தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"சரஸ்வதி படிப்புக்குத்தான சாமி? படிக்கறதுக்குத்தான எடுத்துக் குடுக்கறேன்? நீங்க பொரியத் துன்னுங்க."

அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். பிறகு லேப்டாப்பைத் திறந்து பார்த்ததும் அதே அம்மாவை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மூடியின் மேல் ஈரத் திருநீற்றில் பட்டை பட்டையாக மூன்று கோடு. அதில் தப்பில்லை, நாங்கள் சைவம். ஆனால் அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. உள்ளே திரைக்கு மேல் நடுவில், கேமரா இருக்கும் இடத்தில், கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"அங்க ஏம்மா வெச்ச?"

"மேல நடுவுல நெத்தி மாதிரி இருந்துச்சு. சின்னதா ஒரு புள்ளி வேற இருந்துச்சு. பொட்டு வெக்கற எடம் போலன்னு வெச்சேன்."

யோசித்துப் பார்த்தால் அந்த இடம் நெற்றி மாதிரிதான் இருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தேன். சந்தனம் காய்ந்து விளிம்பில் ஏறியிருந்தது. துடைக்கத் துடைக்கக் குங்குமம் கரைந்து கேமரா முழுக்கப் பரவியது. மணி மூன்றாகிவிட்டது.

அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒரு பெண், என்னைவிடச் சில வயது மூத்தவர், சிரிக்காமல் பேசுகிறவர். இன்னொருவர் நடுத்தர வயதுக்காரர், பெரிய பதவியில் இருப்பவர் என்பது அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அந்தப் பெண் ஆங்கிலத்தில் முதலில் கேட்டது, உங்கள் கேமராவில் ஏதாவது கோளாறா, எல்லாமே ஆரஞ்சு நிறமாகத் தெரிகிறதே என்று. லேப்டாப்புக்கு இன்று விசேஷம் என்பதை நான் ஆங்கிலத்தில் விளக்க முயன்றேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. நடுத்தர வயதுக்காரர் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து தமிழில், "ஐயய்யோ, இன்னைக்கு ஆயுத பூஜையா?" என்றார். நம் ஊர்க்காரர். பிழைப்புக்காக எங்கேயோ போய் நாள் கிழமை மறந்தவர். அவர் சிரித்ததும் எனக்கு உயிர் வந்தது.

அந்தப் பெண் கணக்கைக் கொடுத்தார். ஒரு அலுவலகத்தில் பல கூட்டங்கள் நடக்கின்றன, ஒவ்வொன்றும் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் தெரியும். எல்லாக் கூட்டமும் நடக்கக் குறைந்தது எத்தனை அறைகள் தேவை என்று சொல்கிற ப்ரோக்ராம் வேண்டும். ஒரு கூட்டத்தார் உள்ளே வந்தால் ஒன்று கூட்டு, வெளியே போனால் ஒன்று கழி, எப்போது அதிகம் என்று பார். இவ்வளவுதானே என்று மடமடவென்று எழுதினேன். ஓட்டிப் பார்த்தேன். இரண்டு அறை என்று வர வேண்டிய இடத்தில் மூன்று என்று வந்தது. மறுபடி பார்த்தேன். மூன்றேதான். எங்கே தப்பு என்று வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தபோது லேப்டாப் உறுமத் தொடங்கியது. பிறகு கொதித்தது. பிறகு பட்டென்று அணைந்துபோனது.

"அம்மா!" என்று கத்தினேன். "இதுக்குப் பின்னாடி ஏதாவது பண்ணியா?"

"ஓட்ட ஓட்டையா இருந்துச்சே, அங்க கொஞ்சம் திருநீறு அள்ளிப் போட்டேன். காத்து போற வழின்னு நீதான சொன்ன? காத்து கருப்பு பூந்துடப் போவுதுன்னு போட்டேன்."

திருநீறு முழுவதையும் உள்ளே இருக்கும் காற்றாடி இழுத்துக்கொண்டிருந்தது. நான் போனில் அந்த அழைப்புக்குள் நுழைந்து, போனைச் சொம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, பத்து நிமிடம் கொடுங்கள் என்று கேட்டேன். அம்மா கேட்காமலேயே சாமி முன்னாலிருந்து ஸ்க்ரூடிரைவர் பெட்டியையும் எடுத்து நீட்டிவிட்டாள். அப்பா இந்தத் தடவை பொரித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்துவிட்டார். சொல்லிப் பயனில்லை என்று கண்டுகொண்டார். அடிப்பக்கத்தைக் கழற்றினேன். காற்றாடி பழனியாண்டவர் மாதிரி விபூதி அலங்காரத்தில் இருந்தது. பிரஷ்ஷால் தட்டி, ஊதி, துடைத்தேன். போனில் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தறி ஓரமாக நின்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். என் கை எந்த ஸ்க்ரூ எங்கே போக வேண்டும் என்று தானாகவே செய்துகொண்டிருந்தது. மனம் அங்கே இல்லை. ஏன் மூன்று, ஏன் மூன்று என்று அதையே சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசி ஸ்க்ரூவை முடுக்கும்போது பிடிபட்டுவிட்டது. பத்து மணிக்கு ஒரு கூட்டம் முடிகிறது, அதே பத்துக்கு இன்னொன்று தொடங்குகிறது. என் ப்ரோக்ராம் முதலில் வருகிறவரை உள்ளே விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் இருந்தவரை வெளியே அனுப்பியது. எங்கள் ஊர் டவுன் பஸ் மாதிரி. இறங்குகிறவர்கள் இறங்கும் முன்பே ஏறுகிறவர்கள் முண்டியடித்து ஏறினால் சீட்டு போதாமல்தான் போகும். முதலில் இறங்க விடு, பிறகு ஏற்று. ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது.

லேப்டாப் உயிர் பெற்றது. "விடை கிடைத்துவிட்டது" என்று நான் தொடங்கினேன். ஆனால் நம் ஊர்க்காரர் அதற்குள் உற்சாகத்தின் உச்சிக்குப் போயிருந்தார். "எவ்வளவு நாளா இதெல்லாம் பண்றீங்க? என் லேப்டாப்பும் இதே மாதிரித்தான் சத்தம் போடுது. ஒரு பக்கமா சூடாகுது. அது ஃபேனா, பேட்டரியா?" என்று கேட்டார். எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் ஓசி வைத்தியம் கேட்காத மனிதர் இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். அவர் தன் லேப்டாப்பைத் தூக்கிக் கேமராவுக்கு அடிப்பக்கத்தைக் காட்டினார். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் முடிந்துவிட்டது, அடுத்தவர் காத்திருக்கிறார், சொல்லி அனுப்புகிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

"பாத்தியா, மெசின நீ பிரிச்சு மாட்டுன அழகுல அவனுங்களே அசந்து பூட்டானுங்க" என்றார் அப்பா. நான் போய்ப் படுத்துக்கொண்டேன். மறுநாள் மறுபூஜையில் அம்மா சொன்னபடியே தேங்காய் சேர்த்து உடைத்தாள். எனக்குத் தேங்காய்ச் சட்னிகூட இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே கூப்பிட்டார். ப்ரோக்ராம் எழுதும் குழுவில் என்னை எடுக்க முடியவில்லை, கணக்கு முடியவில்லை அல்லவா என்றார். ஆனால் சென்னை அலுவலகத்தில் ஊழியர்களின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது; அன்று பார்த்த இருவருக்குமே அதற்கு நான்தான் பொருத்தம் என்று தோன்றியது; மாலைக்குள் பதில் சொன்னால் போதும்.

கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. போய்ச் சொன்னேன். இரண்டு நாடாவும் நின்றன.

"சென்னையா?" என்றாள் அம்மா.

"ரிப்பேர் வேலையா?" என்றார் அப்பா.

அன்றுதான் என் வாழ்நாளில் முதல் முறையாக அவர்கள் இருவரும் ஒரே விஷயத்தில் ஒரே சமயத்தில் சந்தோஷப்பட்டதைப் பார்த்தேன். அம்மாவுக்கு அடையாள அட்டை கிடைத்துவிட்டது, அப்பாவுக்கு ஸ்க்ரூடிரைவர் கிடைத்துவிட்டது. "நான் சொன்னேன்ல?" என்று இருவருமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அம்மா கேசரி கிளற அடுப்படிக்குப் போனாள். அப்பா, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று தவித்து, தெருவில் போன காய்கறி வண்டிக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

நான் கூடத்தின் நடுவில் நின்றேன். எல்லோருக்கும் பிடித்த வேலை. தோழிக்குக்கூடப் பொறாமை வரும் வேலை. எனக்கு மட்டும் அது ஒட்டவில்லை. அந்தப் பெண் சொன்ன எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்றுதான் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது: கணக்கு முடியவில்லை அல்லவா. அது பொய். முடிந்துவிட்டது. எனக்குள் முடிந்து, வெளியே வர இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதை நினைத்தால் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. தெருவில் எத்தனையோ லேப்டாப்பைப் பிரித்திருக்கிறேன். ஒன்றுகூட மாட்டிய பிறகு என்னோடு இப்படி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதில்லை. எந்தக் கட்சி என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தவளுக்கு அங்கே நின்றபடியே தெரிந்துவிட்டது.

"எனக்கு இந்த வேல வேணாம்" என்றேன்.

காய்கறி வண்டிக்காரர் நிலைமை புரிந்து நகர்ந்துவிட்டார். அப்பாவுக்கு முகம் சிவந்தது. "இன்னாது? கையில வந்து நிக்கறத வேணாம்னுவியா? அன்னிக்கு நீ பிரிச்சு மாட்டுனத நான் என் கண்ணால பாத்தனே!"

"கைதான்பா அங்க இருந்துச்சு. மனசு வேற எடத்துல இருந்துச்சு."

"மனசாம் மனசு. இதுவும் இல்லன்னா அதுவும் இல்லாம பூடும், தெரியும்ல?"

தெரியும். பயமாகவும் இருந்தது. ஆனால் பயத்தோடு நின்று யோசித்தால் கேசரி வந்துவிடும், கேசரியைத் தின்றுவிட்டு வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவர்கள் எதிரிலேயே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். நன்றி, அந்த வேலை வேண்டாம் என்றேன். அவர் வைப்பதற்குள் முந்திக்கொண்டேன். "அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. சொல்லட்டுமா?" என்றேன். அந்தச் சுற்று முடிந்துவிட்டது என்றார் அவர். முடிந்தால் என்ன, கணக்கு அப்படியே இருக்கிறதே என்றேன். கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் பெருமூச்சு விட்டார். "சரி, சொல்லுங்கள்."

சொன்னேன். வெளியே போகிறவரை முதலில் அனுப்பு, பிறகு உள்ளே விடு. அவர் உடனே திருப்பிக் கேட்டார்: தொடங்கிய நொடியிலேயே முடிந்துபோகும் கூட்டம் ஒன்று இருந்தால்? உள்ளே வராதவரை வெளியே அனுப்புவீர்களா? அதை நான் நினைக்கவே இல்லை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். ஒரு வழி சொன்னேன், அவர் அதில் ஓட்டை காட்டினார். இன்னொன்று சொன்னேன், அதில் நானே ஓட்டை கண்டுபிடித்தேன். சிரிக்காத அந்தப் பெண் சிரித்தார். கடைசியில், "இப்போது தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன். நீங்கள் வேலை தராவிட்டாலும் சொல்கிறேன்" என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

அந்த ஒரு நொடிக் கூட்டத்துக்கான விடையை நான் அன்று மாலையே அனுப்பினேன். மறுபடி ஒரு நேர்காணல் வைத்தார்கள், தீபாவளி முடிந்து. இந்தத் தடவை சாமிக்குச் சம்பந்தமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. கிடைத்தது. தோழி தன் கடைக்கு வேறு பார்ட்னர் பார்த்துக்கொண்டாள். வாடிக்கையாளர்கள் மேல் எரிந்து விழாத பெண், கடை நன்றாகப் போகிறது. நான் இப்போது வாரத்தில் சில நாள் சென்னைக்குப் போகிறேன், மற்ற நாள் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். ஓடுகிற வரைக்கும் யாரும் பார்ப்பதில்லை. அதில் எனக்கு இப்போதெல்லாம் வருத்தமில்லை.

ஆனால் அன்று போனை வைத்த பிறகு வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது, அங்கேயேதான் இருந்தேன் என்றாலும். வேலையில் சேருகிற அன்று காலை ரயிலுக்குக் காத்திருந்தபோது அப்பா சொல்லித்தான் தெரிந்தது. அவர் என்னை உலுக்கி எடுக்கத் தயாராக எழுந்தாராம். அம்மா கேசரிக் கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாளாம்.

"உங்கம்மா சொன்னா, 'அவள உடுங்க. லேப்டாப்பப் பிரிக்கும்போது அவ மூஞ்சிய நானும்தான் எத்தினி தபா பாத்துக்கினு இருக்கறேன். நாலு பேரு பாக்கறாங்களான்னு ஓரக்கண்ணால பாத்துக்கினேதான் பிரிப்பா. இப்ப பாருங்க, நாம ரெண்டு பேரும் இங்க நின்னு கத்தறதே அவளுக்குக் காதுல உழல'ன்னா. திரும்பிப் பாத்தேன். நீ செவுத்தப் பாத்துக்கினு வாய்க்குள்ள ஏதோ முணுமுணுத்துக்கினு இருந்த. மூணு தபா கூப்ட்டேன்மா உன்ன."

"எனக்குக் கேக்கவே இல்லியேப்பா."

"அதான் உட்டுட்டேன்" என்றார் அப்பா. "தறியில ஒக்காந்தா எனக்கும் அப்பிடித்தான், யார் கூப்ட்டாலும் கேக்காது."